மேரிசெல்வி மூஞ்சி

கோவம்னு எழுதாதீங்க தம்பி. அது கோவம் இல்ல. எம்பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியாதா? படத்துக்குக் கிட்ட வந்து பாருங்க.

பாண்டிச்சேரிலேருந்து அந்த ஓவியக்காரரு வந்து ரெண்டு நாள் உப்பளத்துலயே உக்காந்திருந்தாரு. இவ உப்புக் கூடைய தூக்கிட்டுப் போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஓடுற மாதிரி வரைவாருன்னு நெனச்சேன். வெறும் மூஞ்சிய வரைஞ்சிட்டாரு. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் செவப்பு. பெயிண்ட்ட கத்தியால அப்பி வச்சிருக்காரு. தொடுங்க, ஒண்ணும் ஆவாது.

எக்ஸிபிஷன்ல வைக்கிறதுக்கு கீழ நாலு வரி எழுதணும்ங்கிறீங்க. சரி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. ஸ்கூல் எச்.எம். வந்து, தோத்தவளோட வெறின்னாரு. எங்க கோயில் ஃபாதரு, மன்னிப்பு கேக்குறான்னாரு. நானும் கேட்டுக்கிட்டு நின்னேன்.

அவ கேள்வி கேக்குறா தம்பி. அந்த வாயப் பாருங்க, பாதி தொறந்து நிக்கிது.

எண்ணூறு மீட்டர்ல நாட்டுலயே மொதல்ல வந்தவ. வெளிநாட்டுக்குப் போயி மெடல் வாங்கினா. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல இவளுக்கு பேனர் வச்சாங்க. அப்புறம் டெஸ்ட்டு எடுத்தாங்க. ஊக்க மருந்து இருக்குதுன்னுட்டாங்க. நாலு வருஷம் ஓடக் கூடாது. மெடலயும் திருப்பி வாங்கிட்டாங்க. பேனர யாரோ அவுத்துட்டுப் போயி ஆட்டுக் கொட்டாய் மேல போட்டுக்கிட்டாங்க.

டெல்லியில விசாரணை. நானும் கூடப் போனேன். நான் எதுவும் சாப்புடலங்கன்னு பைபிள் மேல கைய வச்சு சொன்னா. யாரும் நம்பல. திரும்பி வர்றப்ப ரயில்ல, ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு என்னப் பாத்து கேட்டா, நீயாவது நம்புறியாம்மான்னு. அப்ப இருந்த மூஞ்சிதான் இது. ஓவியக்காரரு எப்படி புடிச்சாருன்னே தெரியல. என்ன யோசிச்சுக்கிட்டே வேல செய்றன்னு இவகிட்ட கேட்டாராம். அந்த மருந்து எப்படி எனக்குள்ள வந்துச்சுன்னுதான் சார்னு சொன்னாளாம்.

நானா? நம்புறேன்னு சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். இவ பொய் பேச மாட்டா. ட்ரெயினிங் குடுத்த மாஸ்டரு மாத்திரைய நீட்டினப்ப, எனக்கு வேணாம் சார்னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னவ.

அப்புறம்தான் அவரு எங்கிட்ட வந்தாரு. சத்து மாத்திரைதாம்மா, பொண்ணு புரியாம அடம் புடிக்கிதுன்னாரு. என் கால பாருங்க, உப்புல நின்னு நின்னு வெடிச்சுக் கெடக்குது. இவளாவது இதுல எறங்கக் கூடாதுன்னு இருந்தேன். சத்து மாத்திரைய ஏன் ஒளிச்சுக் குடுக்கணும்னு நான் கேக்கல. தெனம் காலையில நுணுக்கி கேவுரு கூழுல போட்டுக் கலக்கிருவேன். கசக்குதும்மான்னா, மாவு பழசுடின்னு சொல்லிருவேன்.

டெல்லியில வக்கீலு சொன்னாரு, யாராவது அவளுக்குத் தெரியாமக் கலந்து குடுத்திருந்தா சொல்லுங்க, தண்டனை கொறையும்னு. நான் பக்கத்து சேர்லதான் உக்காந்திருந்தேன்.

எழுதிக்கிட்டீங்களா? நாலு மணிக்கு வேல முடிஞ்சு வந்துருவா. நீங்களே அவளுக்குப் படிச்சுக் காட்டிருங்க தம்பி. எனக்கு வாய் வர மாட்டேங்குது.