பெயர் வராத படம்

பஸ்ஸில் டிரைவர் இருந்தார். கண்டக்டர் இருந்தார். தக்காளிக் கூடையோடு ஒரு அம்மா இருந்தார். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும், பொள்ளாச்சியில் படம் பார்த்துவிட்டு நல்லேப்பிள்ளிக்குத் திரும்புகிறவர்கள். பின்னால் நான். பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றது.

"ஏனுங்க, தியேட்டர் கூட்டறவங்க வந்தப்புறமும் நீங்க எந்திரிக்கவே இல்லியே?" என்றார் பெண்சாதி.

"கடேசி எழுத்து வரைக்கும் பாத்தேன். டீ குடுத்தவன் பேருகூட வந்துச்சு. கதை எழுதுன நம்ம புள்ள பேரக் காணமே!"

"மொதப் படம்னு ஜங்ஷன்ல ஃபிளெக்ஸ் வேற கட்டிப்போட்டீங்க. புள்ள போட்டோவோட!"

புருஷன் மகளுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"பேரு வராதுன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒருத்தர் இருந்தாருங்க. அவரு கட்சி புடிக்காம சினிமா கம்பெனிக்காரங்க ஒதுக்கி வெச்சுட்டாங்க. பல வருசம் அடுத்தவங்க பேருலயே கதை எழுதுனாரு. அப்புறம் அவரே படம் எடுத்தாரு, பேரும் வந்துச்சுங்க."

"அவன கட்சிக்காக ஒதுக்குனாங்க. நீ எந்தக் கட்சி கண்ணு?"

"புதுசா எழுதறவங்களுக்கெல்லாம் இப்படித்தானுங்கப்பா. பழகிருச்சு."

"பழகிருச்சா?" பெண்சாதி வாயில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இது மொதப் படம் இல்லியா?"

கண்டக்டர் விசில் அடிக்காமல் நின்றார்.

"இதையும் சேத்து எத்தனை படம் எழுதிக் குடுத்திருக்கற?" என்றார் அப்பா.



"ஏழு."