சுலோஜனாட புள்ள ஏன் பாரமேறல்ல

அதுக்கு நான் என்ன செய்ய மிஸி? முதல் வெயிலுக்க நிக்காம உள்ளுக்கு வாங்க. காலையில கிளினிக்கில சுலோஜனாட புள்ளைய நிறுத்துப் போட்டு நேர இஞ்ச வந்து நிக்கிறீங்க. இவ்வளவு வயல் வச்ச போடியார் வீட்டுலதான் பட்டினி போட்ட எண்டு ஊர் கதைக்கப் போகுது. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட ஏலுமா?

வேலைக்காரியெண்டு நான் வேற்றுமை பாக்கல்ல கா. எங்கட வளவு மூலையிலதான் குடில் போட்டிரிக்கிறாள். நாங்க சாப்பிட்டு முடிய, மிச்சச் சோறு கட்டிக் குடுத்துத்தான் அனுப்புவன். மீனா? மீன் எல்லாருக்கும் காணுமா? கறி ஆணம் ஊத்திக் குடுப்பன். முட்டையா? நல்ல கேள்வி! எங்கட கோழி இடுறது பேரனுக்கே மட்டுமட்டு.

அந்தா பேரன் நிலோஜனப் பாருங்க, ஒரு இடத்தில நிக்கிறானா? அவனும் சுலோஜனாட தனுஷியாவும் ஒரே மாசத்துப் புள்ளைகள். அது இன்னும் செவரப் புடிச்சுத்தான் நிக்குது. ஓம், கையும் காலும் ஈர்க்குத்தான். நான் கண்ணில்லாதவளா?

ஆஸ்பத்திரியில மறிச்சு வச்சுப் பாக்கணுமா? அவ்வளவு மோசமா? ஐயோ, தாயும் போனா வெள்ளாம வெட்டு நேரத்தில எனக்கு ஆர் மிஸி உலை வைக்கிற?

உண்மையச் சொல்றன், கோவிக்கப்படா. அவங்கட ஆக்களுக்குப் புள்ள வளக்கத் தெரியா. பரம்பரையே அப்பிடித்தான்.

என்ன, புள்ளைக்கு என்ன குடுக்கிற எண்டு அவளிட்டக் கேட்டீங்களா? கேட்ட உடன புள்ளையத் தூக்கிக்கொண்டு நடந்தாளா? எனக்குப் பயந்தா? நான் என்ன பேயா?

திரிபோசாவா? ஓம், நிறை குறைஞ்ச புள்ளைகளுக்கு நீங்க குடுக்கிற மாப் பைதானே. அது நல்ல சாமான் மிஸி, குறை சொல்ல ஏலா. ஒருக்கா குசினியில அவள் வச்ச பையில கொஞ்சம் எடுத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை புடிச்சன். நிலோஜன் இன்னும் தா எண்டு ஒரே அழுகை. அதுக்குப் பொறகு கிளினிக்கால வந்தாளெண்டா பைய நேர இஞ்சதான் கொண்டு வந்து வைப்பாள். நான் வாய் துறந்து கேட்டதில்ல. பாசத்தில தாறாள், வேணாமெண்டா மனம் நோகும்தானே.

ஏன் மிஸி எழும்புறீங்க? தேத்தண்ணி வருது, இருங்க. சுலோஜனா! அந்த உருண்டையிலயும் ரெண்டு வச்சுக் கொண்டு வா. மிஸியும் ருசி பாக்கட்டும்.