ஜூனா பஜாரில் ராஜி தேடியது

அன்று எலுமிச்சம் சாதத்தில் உப்பு சற்றுக் குறைவு. ராஜி கேட்டபோது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல பழைய சாமான் சந்தையான ஜூனா பஜாருக்குக் கிளம்பினோம்.

விச்சு, உன் அக்கா ராஜி எதனால் போனாள் என்று போனில் கேட்டாய். டாக்டர் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். நீ நம்பவில்லை. ஷ்யாமின் ஹார்டு டிஸ்க்கை உனக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

2005 ஜனவரியில் உன் கல்யாணத்துக்காக ராஜி சென்னை வந்திருந்தாள். ஷ்யாம் ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை இருந்தது. நானும் அவனும் விஷ்ராந்த்வாடி வீட்டிலேயே இருந்துவிட்டோம். ஒருநாள் சாயங்காலம் அவன் அம்மாவுக்கு போன் செய்தான். “ஸ்கூல் கேதரிங் விழாவுக்கு மிமிக்ரி ரெகார்ட் பண்றேம்மா. அப்பாவைக்கூட விடலை. வந்து கேளு, விழுந்து விழுந்து சிரிப்பே.” அதுதான் அவளுடன் அவன் பேசிய கடைசிப் பேச்சு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆஸ்துமா வந்தது. குளியலறையில் திடீரென்று விழுந்துவிட்டான், உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று அவளிடம் சொன்னேன்.

காரியங்கள் முடிந்தபின் ராஜி அந்தக் குரலைக் கேட்க உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழவில்லை. பக்கத்துத் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேஜஸ் கழற்றிப் பார்த்தான். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டு எரிந்துவிட்டது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்றான். அதே மாடல், ஸ்டிக்கரில் அதே எண் உள்ள இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் போர்டை இதில் மாட்டிக் கேட்டுவிடலாமாம். மும்பையில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன என்றும் சொன்னான். திறக்கும்போது கீறிவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதன்பின் ராஜி டிஸ்க்கை யார் கையிலும் கொடுக்கவில்லை. பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள்.

கடைகளில் அந்த மாடல் அப்போதே நின்றுவிட்டது. ஆபீஸ்களும் சைபர் கஃபேக்களும் கழித்துக்கட்டியவை ஜூனா பஜாரில் தார்ப்பாய் மேல் வந்து விழும். புதனும் ஞாயிறும் சந்தை. பத்தொன்பது வருஷம் போனோம். கோவிலில் மற்றவர்கள் நட்சத்திரம் கோத்திரம் சொல்வதுபோல அவள் அந்த எண்ணைச் சொல்வாள். கடைக்காரர் காசிமுக்கே அது மனப்பாடம். “அம்மாஜி, இந்த நம்பரில் லாட்டரி வாங்கியிருந்தால் நான் இந்நேரம் துபாயில் இருந்திருப்பேன்” என்று இந்தியில் சொல்வார். “நீங்கள் போய்விட்டால் எனக்கு யார் மூட்டையை அவிழ்த்துக் காட்டுவார்கள், பாய்?” என்பாள் ராஜி. அவள் சிரிப்பது அங்கே மட்டும்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நீ மேலே படிக்கக் கூடாது. சந்தை நாட்களில் காலை ஆறரைக்கு நான் வாக்கிங் என்று ஸ்கூட்டரை எடுப்பேன். கடைகள் விரிக்கும்போதே சுற்றி வருவேன். அந்த எண் கண்ணில் பட்டால் வாங்கி, போர்டை உடைத்து, பாலத்தில் நின்று முத்தா நதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, பத்து மணிக்கு அவளுடன் மறுபடியும் போவேன். பதினான்கு முறை கிடைத்தது.

கொடுமை என்று உனக்குத் தோன்றும். நிதானமாக யோசித்துப் பார். அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருந்ததால்தான் ராஜி சமைத்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது? அவளைப் பத்தொன்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தது நான்தான்.

போன வருஷம் என் முழங்கால் போயிற்று. விடியற்காலையில் போக முடியவில்லை. ஆட்டோவில் அவளுடன் போவதே பெரும்பாடு. உப்புக் குறைந்த அந்த ஞாயிறு காசிமின் கடையில் அபினவ் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், ஹிஞ்சேவாடியில் வேலை, பழைய கம்ப்யூட்டர் சாமான்களைச் சேர்த்து அலமாரியில் அடுக்குகிறவன். ராஜியைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“ஆன்ட்டி, உங்க நம்பர் சொல்லுங்க, ஒருக்கா சரிபாத்துக்கறேன்.”

சொன்னாள்.

“இதானுங்களே” என்று பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினான்.

ராஜி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காசிம் ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். கட்டிக் கொண்டுவந்த சாதத்தை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கை என்னிடம் நீட்டினாள். “நீங்க ஒரு தடவை பாத்துடுங்கோ. தேஜஸ்கிட்டக் கொண்டுபோய் அசடு வழியக் கூடாது.” கோர்படியில் ராணுவப் பணிமனையில் முப்பது வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்த்தவன் நான். விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிளேடு நுனியால் போர்டில் ஒரு சிப்பின் அடியில் ஓடும் செம்பு இழையை அறுத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நன்னா இருக்கு” என்றேன்.

மறுநாள் தேஜஸ் மாட்டினான். சுழலவில்லை. வேறு போர்டு தேடலாமா என்று ராஜி கேட்பதற்குள் நான் சொன்னேன்: “டிஸ்க்கே உள்ளுக்குள்ள செத்துப்போச்சு, ராஜி. இனிமே எந்த போர்டு வந்தாலும் பிரயோஜனமில்லே. தேடறதை விட்டுடு.” தேஜஸ் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவள் எழுந்திருக்கவில்லை. மாத்திரைகளை வாயில் வைத்துக்கொண்டு பிறகு துப்பினாள் என்பது, தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது தெரிந்தது. நாற்பத்தாறு நாள். டாக்டர் எழுதியதில் தவறில்லை.

டிஸ்க்கில் இருப்பது இதுதான். பதிமூன்றாம் நாளைக்கு மறுநாள் மதியம், ராஜி அசந்து தூங்கும்போது ஹெட்போனில் ஒரே தடவை கேட்டேன். முதல் எட்டு நிமிஷம் மிமிக்ரி. பால்காரர், அவன் ஹெட்மாஸ்டர், பிறகு நான். “மூச்சு விடறதுக்கு ஒரு மிஷினா? நூறு எண்ணு, தானா சரியாப் போயிடும்.” அசலாக என் குரல். அதற்கப்புறம் இருமல். அவன் மைக்கை அணைக்கவில்லை. “அப்பா, பம்ப் குடுங்கோ” என்கிறான். அவனுடைய ஆஸ்துமா பம்ப் என் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு அடிமையாகிவிடக் கூடாது என்று அந்த வாரம்தான் அவனிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். நூறு எண்ணச் சொன்னேன். இருமலும் மிமிக்ரிதான் என்றே அப்போது நினைத்தேன். பிறகு அவன் எண்ணுகிறான். அறுபத்தொன்று வரை கேட்கிறது. நாற்காலி விழுகிறது. நடிக்காதே என்று நான் இரண்டு தடவை சொல்கிறேன். குளியலறையில் எதுவும் நடக்கவில்லை.

கேட்டு முடித்ததும் டிஸ்க்குக்கு ஐந்து வோல்ட் போகும் கம்பியில் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். போர்டு எரிந்தது. உள்ளே இருந்ததை அழிக்க மனம் வரவில்லை. அவன் குரல் அல்லவா.

நான் செய்ததெல்லாம் ராஜிக்காக. இப்போது அவள் இல்லை; எனக்கு மறைக்கவும் ஒன்றுமில்லை. டிஸ்க்கை இந்தக் கடிதத்துடனேயே கூரியரில் அனுப்புகிறேன். எண் ஸ்டிக்கரில் இருக்கிறது. போர்டு கிடைத்தால் மாட்டிக் கேள்.

கிடைப்பதுதான் கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமை காசிமிடம் ஒன்று வந்திருந்தது. கைத்தடியோடு விடியற்காலையில் போய் வாங்கி, இரண்டாக உடைத்து, பாலத்திலிருந்து முத்தாவில் போட்டுவிட்டு வந்தேன்.