ஜன்னலுக்கு வெளியே நின்ற பைக்

கேளு மரகதம், நேத்து சிவாஜிநகர்ல டிராஃபிக்ல நின்ன பஸ்ல, என் பக்கத்துல ஒக்காந்த பொண்ணு ஜன்னல் வழியா, "அந்த வண்டியையே கட்டிக்கோ!"ன்னு கத்தினா. வெளிய அவ புருஷன், கால நீட்டி ஒக்கார்ற தாழ்வான புது பைக்ல.

"ஸ்கூட்டரெல்லாம் பூந்து போவுது. உன்னுது பஸ்ஸோடவே நிக்குது."

"ஹேண்டில் அகலம்மா. நிதானமா போற வண்டி."

"பின்சீட்டு சரியுது. பொடவையோட எப்டி ஒக்கார்றது?"

"வேற சீட்டு போட்டுட்டேன். சக்கரத்துல பொடவை மாட்டாம கம்பியும் வெச்சாச்சு, பாரு."

அவ எட்டிப் பாத்தா. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஒரு வாரமா நீ பேசினாத்தானே!"

கண்டக்டர் திட்டத் திட்ட எறங்கி, அவன் தோளப் புடிச்சி ஒக்காந்துட்டா! எனக்கு ஒரே சிரிப்பு. ஐயோ, கொழாயில தண்ணி வந்துடுச்சி, கொடத்த வெக்கணும்.