லீலாவின் கோடு

கண்ணாடி உடைந்துவிட்டதால் எனக்கு எழுத்து தெரியவில்லை, இன்ஸ்பெக்டர். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாதுரை மேல் எனக்குக் கோபமில்லை. மகளைப் பெற்றவர், கை நீளத்தான் செய்யும்.

பெங்களூரில் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் படித்துவிட்டு எழுபத்திரண்டில் இங்கே வாத்தியாராக வந்தேன். அப்பாதுரையின் மகள் லீலா அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய வருஷம் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்து அவள் அப்பா கீழே மாட்டிக்கொண்டார். மறுநாள் உயிரோடு மேலே வந்துவிட்டார். பிள்ளைக்குத்தான் பேச்சு நின்றுபோனது. வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை.

என் வைத்தியம் எளியது. ஷிப்ட் முடிந்ததும் அப்பாதுரை நேராக வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். லீலா ஒரு சொல் சொன்னால் ஜன்னலைத் திறப்பேன். முதலில் 'அப்பா' வந்தது. சில நாளில், "இன்னாப்பா, மூஞ்சி கழுவலியா?" என்று கேட்டாள். சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பேசும் சொற்களைத் தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துவந்தேன். கோடு ஏறிக்கொண்டே போயிற்று.

ஆனால் அது என் வைத்தியத்தால்தான் ஏறியது என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் தானாகவும் பேசத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு பிள்ளைகள் இல்லை, இவள் ஒருத்திதான். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வைத்தியத்தை நிறுத்த வேண்டும். பேச்சு விழ வேண்டும். திரும்பக் கொடுத்தால் எழ வேண்டும். இதை மறுபடியும் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்பாதுரையை வர வேண்டாம் என்றேன். லீலா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். வேறு வாத்தியாராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். எனக்குக் கோடு இறங்கியாக வேண்டும். "சுரங்கத்துல உங்க அப்பா ஏறின கேஜ் கூண்டு இன்னும் மேல வரலியாம்" என்றேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார், மறுநாள் மதியம் நான் அதையே சொல்வேன். பேச்சு நின்றது. பிறகு அவரை ஜன்னலுக்கு வரவழைத்தேன், பேச்சு வந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

இரண்டாம் முறை அதையே சொன்னபோது அவள் சிரித்தாள். "சும்மா சொல்றீங்க சார். எங்கப்பா வந்துடும்" என்றாள்.

நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். கீழே ஆள் இறந்துபோனால் அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் கொண்டுவந்து வீட்டில் வைப்பார்கள். யாரும் வாயால் சொல்வதில்லை.

அப்பாதுரையிடம் டப்பாவைக் கேட்டேன்.

"டப்பா இன்னாத்துக்கு சார்?"

"பாடத்துக்கு."

"எடுத்துக்கோங்க சார். கொழந்தைய பேச வெச்சவரு நீங்க."

அதைக் கழுவாமல் அப்படியே லீலா முன்னால் வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அவள் மூடியைத் திறந்தாள். மிச்சமிருந்த களியைப் பார்த்துவிட்டு மூடினாள். அழக்கூட இல்லை. தாளில் கோடு அடிக்கு வந்துவிட்டது.

முறைப்படி அப்பாவைத் திரும்பக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால், யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து அப்பாதுரையின் கன்னத்தில் வைத்தார். "உங்கப்பாதான் கண்ணு, தொட்டுப் பாரு" என்றார். கை தானாக வழுக்கிக் கீழே விழுந்தது. பொங்கல் போய் இப்போது மழைக்காலமும் வந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் வரவில்லை.

டப்பா விஷயத்தை அவரிடம் யாரும் கோள் மூட்டவில்லை. தாளைக் காட்டி நானே பொறுமையாக விளக்கினேன். பாதியில்தான் கண்ணாடி உடைந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே பிள்ளையிடம் நடந்ததை வைத்து முறையே தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. லீலாவுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள், மாலா என்று பெயர். நன்றாகப் பேசுகிறாள். அடுத்த வருஷம் என் வகுப்புக்குத்தான் வருகிறாள்.