மொசைக் தரை

காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஐயா. என்னிடம் படித்த பிள்ளைகள் அல்ஜீப்ராவை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது. வெள்ளத்துரை, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் ஊருக்குத்தான். நகர நலக் குழுவுக்குப் பல வருஷமாக நானே தலைவர். யாரும் போட்டியிடவில்லை, நானும் யாரையும் சிரமப்படுத்தவில்லை.

பள்ளிக்கு ஒரு மண்டபம் கட்ட ஆசைப்பட்டேன். உப்பள முதலாளிகள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் கடற்கரையில் மீன் ஏலம் போடும் இடத்துக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினேன். "புயல் மழைன்னு வந்தா இது ஒங்க வீடுல்லா" என்றேன். பேச்சு உருக்கமாக அமைந்துவிட்டது. எனக்கே கண் கலங்கியது. ஒவ்வொரு வள்ளக்காரரும் ஒரு நாள் பிடித்த மீனை விற்ற காசை அப்படியே கொடுத்தார். கல்வெட்டில் இடம் போதாததால் அவர்களையெல்லாம் 'பொதுமக்கள்' என்று போட்டோம். என் பெயர் அதற்கு மேலே இருக்கிறது.

தரைக்கு மொசைக் போட்டு, தேய்த்து, மெழுகு பூசினோம். முகம் பார்க்கலாம். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கலெக்டர் வருவதாக இருந்தது. ஊர் சார்பில் எனக்கு ஒரு கேடயமும் தருவதாக இருந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள்.

சாயங்காலம் தேவபிரசாதம் வந்தார். வள்ளக்காரர், நல்ல மனிதர். அவர் பின்னால் தெருவே நின்றது. பெண்கள், பிள்ளைகள், முட்டுவரை சேறு, தலையில் மீன் கூடை. எங்கள் எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஜெயசீலி, குளிரில் நடுங்கிக்கொண்டே எனக்கு வணக்கம் சொன்னாள்.

"சார், ஆம்பிளைய நாங்க வெளிய நிக்கோம். பொம்பளையளையும் பிள்ளையளையும் மட்டும் மண்டபத்துக்குள்ள விடுங்க."

"சாவி காண்ட்ராக்டர்ட்டல்லா இருக்கு. அவரு திருநெல்வேலிக்குப் போயிருக்காரு."

"பூட்டை ஒடைச்சிரட்டுமா சார்? பொறவு நாங்களே புதுசு வாங்கிப் போட்டுருதோம்."

"படிக்கிற பிள்ளைய முன்னால பூட்டை ஒடைக்கப் பேசலாமா, தேவபிரசாதம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் சொல்லுக்கு அந்தப் பக்கம் எப்போதும் மரியாதை உண்டு.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அத்தனை பேர் காலும் உப்புத் தண்ணீரும் பட்ட தரையை ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையபடி ஆக்க முடியாது. பெண்கள் அழுதார்கள்; எனக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் மைதானத்து ஓரத்தில் இருந்த பழைய ஓட்டுக் கொட்டகையை நானே திறந்துவிட்டேன். அதன் சுவர் சாய்ந்திருக்கிறது என்று அந்த வருஷம்தான் வகுப்புகளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தேன். 'அபாயம், உள்ளே போகாதே' என்று வாசலில் போர்டும் மாட்டியிருந்தேன். அன்று அந்தப் போர்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஏற்கெனவே பயந்து வந்தவர்களை மேலும் பயமுறுத்துவானேன்.

இருட்டுகிற நேரத்தில் சுவர் விழுந்தது. பதினொரு பேர் செத்துப்போனார்கள். ஜெயசீலியும்தான்.

மறுநாளே நிவாரணக் குழு அமைத்தேன். தலைவராக என்னைத்தான் போட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் என்னால் பேச முடியவில்லை, அவ்வளவு அழுகை. அது நடிப்பில்லை, ஐயா.

சுவர் விழுந்த ராத்திரி விடிந்ததும் வாட்ச்மேன் மாசானம் வந்து, "பிரேதங்கள எங்கன சார் கெடத்த?" என்று கேட்டான். மண்டபத்தைத் திறந்தேன். அவன் என் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். உங்களிடம் சொன்னது அவனாகத்தான் இருக்கும். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பாய்களைக் கொண்டுவந்து நெருக்கமாக விரிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உள்ளே தூக்கி வர விட்டேன். தரையில் ஒரு கீறல் கிடையாது, நீங்கள் வந்து பார்க்கலாம்.

தேவபிரசாதம் மட்டும் வாசலிலேயே நின்றார். மகள் முகத்தைப் பார்க்க வரச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"காலெல்லாம் சேறா இருக்கு சார்" என்றார்.

சொல்லிக்கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள், ஐயா. என் உத்தியோகம் முழுக்க நான் நம்பியது அதைத்தான்.