எக்ஸ்ரே ஐகானும் நாப்பது நிமிஷமும்

…நீங்களே சொல்லுங்க சார், இது அடுக்குமா? ஐயோ, வேணாம், வாயைத் திறக்காதீங்க! கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.

காலைல வந்தாரு அந்தக் கம்ப்யூட்டர்காரர். வந்த வேகத்துல என் ஐகானை அழிச்சுட்டாரு! அட்மின் பவர் சாதாரண ஆளுங்க கையில இருக்கக் கூடாதாம். நான் சாதாரண ஆளாம்! நாலு வருஷமா இந்தப் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்து தொண்டை வறளக் கத்துறேன், நான் சாதாரண ஆளு…

உங்களுக்குப் பதினொன்றரைதானே? கம்ப்யூட்டரே நேரம் பாத்துக் கூப்பிடும், பயப்படாதீங்க. பன்னெண்டுக்குத்தான் டாக்டர் கிளம்புவாரு. அதை விட்டா திங்கக்கிழமைதான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அந்த ஐகான் திறக்கிற எக்ஸ்ரே புரோகிராம். அது ஒரு மகாராணி சார். அட்மின் பாஸ்வேர்ட் போட்டாத்தான் கண்ணையே திறக்கும். பாஸ்வேர்ட் அந்தக் கம்ப்யூட்டர்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பல்லுக்கும் போன் போட்டு, "அண்ணே, வாங்கண்ணே"ன்னு கெஞ்சணும். அவரே அலுத்துப்போய் ஒரு ஐகான் வெச்சுக் குடுத்தாரு. அழுத்தினா பாஸ்வேர்ட் கேக்காது, அது மட்டும் அவரு பவர்ல ஓடும். "எக்ஸ்ரேக்கு மட்டும்தாம்மா"ன்னு மூணு தடவை சொன்னாரு. நானும் மூணு தடவை தலையாட்டினேன்.

ஆனா பாருங்க, அதுக்குள்ள ஃபைல் திறக்க ஒரு பெட்டி வருது. அது வழியா நுழைஞ்சா எதை வேணாத் திறக்கலாம், எல்லாம் அவரு பவர்லயே! வாசல்ல பூட்டைப் போட்டுட்டு ஜன்னலை விட்டுட்டாரு. என் தப்பா?

நான் என்ன பெருசா பண்ணேன்? கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் தொட்டேன். அவ்ளோதான். பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வர ஒம்பது இருவது ஆயிடுது. நாங்க வந்த நேரத்தைப் பதியுற கைநாட்டு மெஷினுக்கு நேரம் சொல்றது இந்தக் கம்ப்யூட்டர்தான். இருவது நிமிஷம் பின்னால தள்ளுவேன், விரலை வெப்பேன், திருப்பிச் சரி பண்ணிடுவேன். யாருக்கு நஷ்டம்?

நர்ஸ் பொண்ணு பாத்துட்டா, அவ வர ஒம்பது நாப்பது ஆயிடும். "அக்கா, எனக்கும் இன்னொரு இருவது"ங்கிறா. பாவம், மறுக்க முடியுமா? இன்னைக்கும் எனக்கு இருவது, அவளுக்கு இருவது தள்ளிட்டு, சரி பண்ணப் போறேன்… அந்த நேரம் பாத்து வந்து நிக்கிறாரு அந்த மனுஷன்! ஐகானும் போச்சு, எல்லாம்…

ஏன் சார் வாட்ச்சைக் காட்டுறீங்க? பன்னெண்டா? இருக்காதே, கம்ப்யூட்டர்ல பதினொன்னு இருவதுதானே… சுவர்க் கடிகாரத்தைப் பாக்காதீங்க, அதோட பேட்டரி என் மவுஸ்ல இருக்கு.

ஐயையோ. அந்த நாப்பது நிமிஷத்தைத் திருப்பவே இல்லையே!

டாக்டர்! என்ன டாக்டர், பையோட… பதினொன்றரை ஆளா? அது… அவரு… வந்து… வரலை டாக்டர். ஆமா டாக்டர். திங்கக்கிழமை வரச் சொல்லிடறேன் டாக்டர்.

…அப்படிப் பாக்காதீங்க சார். சொன்னா என் வேலை போயிடும். பல்லு திங்கக்கிழமை வரைக்கும் எங்கயும் போகாது. எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க! கம்ப்யூட்டர்ப்படி டாக்டர் இன்னும் நாப்பது நிமிஷம் உள்ளதான் இருக்காரு… சார்! சார்!